சிவப்பு மையில் நான் அடித்த சொல்

பொன்னமராவதியில் எங்கள் வீட்டுக்கு இன்னும் ‘சிலோன்காரர் வீடு’ என்றுதான் பெயர். அப்பா ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், லயம் என்கிற தொழிலாளர் வரிசை வீட்டில் பிறந்தவர். 1974-இல் ஒன்பது வயதில் தலைமன்னாரில் கப்பலேறி, மண்டபம் முகாம் வழியாக இங்கே வந்து சேர்ந்தார். 1964-இல் போட்ட சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் ஐந்தேகால் லட்சம் பேர் இந்தியாவுக்கு, மூன்று லட்சம் பேர் இலங்கைக்கு என்று மலையகத் தமிழர்களைப் பங்கு போட்டது. அந்தப் பங்கீட்டில் அப்பா இந்தப் பக்கம் வந்தார். கல்யாணமாகியிருந்த அத்தை அங்கேயே தங்கிவிட்டார்.

2024 மே விடுமுறையில் அத்தையைப் பார்க்க அப்பா புறப்பட்டபோது நானும் ஒட்டிக்கொண்டேன். பி.எட். முடித்து, அறிவியல் ஆசிரியையாக ஒரே ஒரு வருடம் ஓட்டியிருந்தேன். தோட்டத்துக் கோயில் மண்டபத்தில் மாலை வகுப்பு நடக்கிறதாம். “ரெண்டு வாரம் சும்மாதானே இருக்கப்போற, புள்ளைங்களுக்கு ஏதாவது சொல்லிக்குடேன்” என்றார் அத்தை. தமிழ்ப் பிள்ளைகள், தமிழ்வழிப் பாடம், அதே அறிவியல். இதற்கென்ன தயாரிப்பு வேண்டியிருக்கிறது என்று நினைத்தேன். முதல் தப்பு அதுதான்.

ஒளிச்சேர்க்கையா, ஒளித்தொகுப்பா?

முதல் நாள் ஒளிச்சேர்க்கை நடத்தினேன். ஊரில் எனக்குக் கைதட்டல் வாங்கித் தந்த பாடம். இங்கே பிள்ளைகள் மரியாதையாக, அசையாமல் உட்கார்ந்திருந்தார்கள். கடைசியில் ஐந்து வரி எழுதச் சொன்னேன். ஒரு பெண் ‘ஒளித்தொகுப்பு’ என்று எழுதியிருந்தாள். ‘காபனீரொட்சைட்டு’, ‘ஒட்சிசன்’ என்றும் இருந்தது. எழுத்துப்பிழை என்று சிவப்பு மையில் மூன்றையும் அடித்து, மேலே ‘ஒளிச்சேர்க்கை’, ‘கார்பன் டை ஆக்சைடு’, ‘ஆக்சிஜன்’ என்று திருத்திக் கொடுத்தேன்.

அவள் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் பாடநூலைக் கொண்டுவந்து, பக்கத்தைத் திறந்து என் முன்னால் வைத்தாள். இலங்கை அரசு அச்சிட்ட புத்தகம். அவள் எழுதிய மூன்று சொல்லும் அதில் அப்படியே இருந்தன. நாம் இலைத்துளை என்பது அங்கே இலைவாய். இயற்பியல் அங்கே பௌதிகவியல். ஆய்வகம் அங்கே ஆய்வுகூடம். பரீட்சையில் அவள் எழுத வேண்டியது அவள் புத்தகத்துச் சொல்லைத்தான், என் சொல்லை அல்ல.

எல்லார் முன்னாலும் மன்னிப்புக் கேட்டேன். கேட்டுவிட்டுத் திரும்பினால் கரும்பலகை காலியாக இருந்தது. என் கலைச்சொற்களைக் கழித்துவிட்டால் பாடத்தில் சொல்வதற்கு என்னிடம் என்ன மிச்சம்? ஒரு வருடமாக நான் நடத்தியது இலையை அல்ல, இலையைப் பற்றிய சொற்களை மட்டும்தான் என்று அந்த ஐந்து நிமிடத்தில் உறைத்தது.

மழை சொல்லிக்கொடுத்தது

மூன்றாம் நாள் தகரக் கூரையில் மழை பிடித்துக்கொண்டது. கத்திப் பார்த்தேன், முன்வரிசைக்கே கேட்கவில்லை. அத்தை வீட்டிலிருந்து சுடுதண்ணீர் வாங்கி, கண்ணாடி டம்ளர்களில் ஊற்றி, ஆளுக்கொரு இலையை அமுக்கிப் பிடிக்கச் சொன்னேன். இலையின் அடிப்பக்கத்தில் பொடிப்பொடியாகக் காற்றுக் குமிழ்கள் கிளம்பின. மேற்பக்கத்தில் ஏன் அவ்வளவு இல்லை என்று அவர்களே கேட்டார்கள். நான் பேசாத அந்த வகுப்புதான் நன்றாக நடந்தது.

வகுப்பில் ஒரு பையன் சதவீதக் கணக்கென்றால் தலையைத் தொங்கப் போட்டுக்கொள்வான். ஆனால் அம்மா பறித்த கொழுந்தில் ஈரத்துக்கும் சாக்குக்கும் எவ்வளவு கழிப்பார்கள், எத்தனை கிலோவுக்கு முழுப் பேர், எவ்வளவு குறைந்தால் அரைப்பேர் என்று மனக்கணக்காகச் சொன்னான். அங்கே ‘பேர்’ என்றால் ஒரு நாள் கூலிக்கான பதிவு. அரைப்பேர் என்றால் பாதிக் கூலி. அவனுக்குக் கணக்கு வராமல் இல்லை. நான் கேட்ட விதம்தான் அவனுக்கு எட்டவில்லை.

ஊர் திரும்பிய பிறகு

ஜூனில் பள்ளி திறந்ததும் மூன்று பழக்கங்களை மாற்றிக்கொண்டேன்.

ஒன்று, கரும்பலகையின் இடது ஓரம் பிள்ளைகளுக்கு. பாடத்தின் தலைப்பைச் சொன்னதும், அதற்கு வீட்டில், வயலில் என்ன சொல்வார்கள் என்று கேட்டு அங்கே எழுதுகிறேன். புத்தகச் சொல் கடைசியில்தான் வரும்.

இரண்டு, பொருள் முன்னால், விளக்கம் பின்னால். ஆவியாதல் பாடத்துக்கு எங்கள் ஊர் அமரகண்டான் ஊரணிப் படிக்கட்டு போதும். எத்தனை படி வரை தண்ணீர் நிற்கிறது என்று வாரம் ஒருமுறை ஒரு பிள்ளை பார்த்து வந்து சொல்லும். இறங்கிய தண்ணீர் எங்கே போனது என்ற சண்டையிலேயே பாதிப் பாடம் முடிந்துவிடும்.

மூன்று, சிவப்பு மையை மூடிவைத்துவிட்டேன். விடை வித்தியாசமாக இருந்தால், “இதை எங்க படிச்ச?” என்று முதலில் கேட்கிறேன்.

போகிறவர்களுக்கு

இரண்டு வாரம், ஒரு மாதம் என்று வெளிநாட்டுக்குப் போய்ப் பாடம் நடத்த வாய்ப்பு வந்தால் தயங்காமல் போங்கள். ஆனால் அங்குள்ள பிள்ளைகளைக் கரையேற்றப் போகிறோம் என்ற நினைப்போடு போகாதீர்கள். இரண்டு வாரத்தில் மாறியது அவர்களல்ல, நான்தான். அவர்களை வருடம் முழுக்கப் பார்த்துக்கொள்வது அந்த மாலை வகுப்பை நடத்தும் உள்ளூர் அக்காதான். நான் முதல் இரண்டு நாள் அவர் வகுப்பில் பின்வரிசையில் உட்கார்ந்திருக்க வேண்டும், உட்காரவில்லை. மிட்டாய்ப் பொட்டலமும் செல்ஃபியும் வேண்டாம். ஒரு பாடத்தையாவது அவரோடு சேர்ந்து தயாரித்து, அவரிடமே விட்டுவிட்டு வாருங்கள்.

எல்லாவற்றுக்கும் முன்னால், அந்த ஊர்ப் பாடநூலைப் படியுங்கள். இலங்கைப் பாடநூல்களை இணையத்தில் காசில்லாமல் இறக்கிக்கொள்ளலாம். அதைக்கூடச் செய்யாமல் விமானம் ஏறியவள் நான். என் சிவப்புக் கோடு ஹட்டனில் ஒரு பிள்ளையின் நோட்டில் இன்னும் இருக்கும்.