லேப்டாப் ஸ்லோவா? புதுசு கேட்கறதுக்கு முன்னாடி பத்து நிமிஷம்

மூன்றாம் வருஷம் தொடங்கினப்போ என் லேப்டாப்பை ஆன் பண்ணிட்டு, மெஸ்ஸுக்குப் போய் டீ குடிச்சிட்டு வரலாம். வந்த பிறகும் அது சுத்திக்கிட்டுதான் இருக்கும். 2018-ல் அக்காவுக்காக வாங்கியது. ஐ3 ஏழாம் தலைமுறை ப்ராசஸர், 4 ஜிபி ரேம், 1 டிபி ஹார்ட் டிஸ்க். அக்கா படிச்சு முடிச்சதும் என் கைக்கு வந்தது. ஊரில் ஒரு கடையில் காட்டினேன். மூடியைக் கழற்றிக்கூடப் பார்க்காமல், "போர்டு போயிடுச்சு தம்பி, புதுசு வாங்கிடுங்க" என்றார்.

அப்பாவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. "எவ்வளவு ஆகும்?" என்றார். ஐம்பதாயிரம் என்றேன். "சரி, அடுத்த மாசம் சீட்டை எடுத்துடலாம்" என்றார். தங்கச்சி ஸ்கூல் ஃபீஸுக்காகப் போட்டிருந்த சீட்டு அது.

கடைசியில் அந்தச் சீட்டை எடுக்க வேண்டியே வரலை. 4,700 ரூபாயில் வேலை முடிந்தது. ஆனா எல்லா பழைய லேப்டாப்பும் இப்படிப் பிழைச்சிடும்னு நினைக்காதீங்க. என் ரூம்மேட் அதே மாதம் புதுசு வாங்கினான், அவன் செய்ததும் சரிதான். ரெண்டு மெஷினுக்கும் என்ன வித்தியாசம்னு பார்க்க ஒரு டூலும் தேவையில்லை.

கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூணையும் சேர்த்து அழுத்துங்க. டாஸ்க் மேனேஜர் வரும். அதில் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தைத் திறந்து வெச்சுக்கிட்டு, நீங்க தினமும் செய்யற வேலையையே செய்யுங்க: க்ரோமில் பத்து டேப், ஒரு பிடிஎஃப், விஎஸ் கோட். எது முதலில் 100 சதவீதத்தைத் தொடுதுன்னு கவனிங்க. எனக்கு சிபியு 30-ஐத் தாண்டவில்லை. டிஸ்க் மட்டும் 100-லேயே நின்றது.

ஏன்னு ஒரு சின்னக் கணக்கு போடுவோம். பெரும்பாலான லேப்டாப் ஹார்ட் டிஸ்க் நிமிடத்துக்கு 5400 சுற்று சுற்றும். அதாவது நொடிக்கு 90. ஒரு சுற்றுக்கு 11 மில்லி செகண்ட். நமக்கு வேண்டிய இடம் ஹெட்டுக்குக் கீழே வர சராசரியாக அரைச் சுற்று, 5.5 மில்லி செகண்ட். ஹெட் சரியான ட்ராக்குக்கு நகர இன்னொரு பத்து என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆக ஒரு சின்ன ஃபைலை எடுக்க சுமார் 15 மில்லி செகண்ட், நொடிக்கு 65 ஃபைல் போல. விண்டோஸ் எழுந்திருக்கும்போது கேட்பதோ ஆயிரக்கணக்கில். எஸ்எஸ்டியில் சுற்றுவதும் இல்லை, நகர்வதும் இல்லை. நொடிக்குப் பல ஆயிரம் கோரிக்கைகளைச் சுலபமாக முடிக்கும். அதனால்தான் ப்ராசஸரைத் தொடாமலேயே மெஷின் புதுசு மாதிரி ஆகுது.

ஆனா இங்கே ஒரு பொறி இருக்கு. ரேம் நிரம்பினால் விண்டோஸ் மிச்சத்தை டிஸ்க்கில் எழுதி வைக்கும், தேவைப்படும்போது திரும்பப் படிக்கும். அப்போதும் டிஸ்க்தான் 100 காட்டும், குற்றவாளி ரேம். மெமரி 85, 90-க்கு மேலேயே நின்றால் ரெண்டையும் சேர்த்துப் பாருங்க. என்னுடையதில் ரெண்டுமே இருந்தது. 500 ஜிபி எஸ்எஸ்டி 2,900, 8 ஜிபி ரேம் 1,800. இது நான் வாங்கினப்போ இருந்த விலை. இதை வெச்சு கடைக்காரர்கிட்ட பேரம் பேசாதீங்க, விலை மாறிக்கிட்டே இருக்கு.

ரேம் வாங்கறதுக்கு முன்னாடி, அதே மெமரி பக்கத்தின் கீழே பாருங்க. எத்தனை ஸ்லாட், எத்தனை நிரம்பியிருக்குன்னு இருக்கும். ஃபார்ம் ஃபேக்டர் என்ற இடத்தில் எஸ்ஓடிம் என்றிருந்தால் கழற்றி மாட்டக்கூடிய ரேம். 'ரோ ஆஃப் சிப்ஸ்' என்றிருந்தால் போர்டிலேயே சால்டர் பண்ணியது. அது மட்டுமே நம்பத்தக்கதில்லை, மாடல் நம்பரைப் போட்டுத் தேடி உறுதி செய்துகொள்ளுங்கள். டிடிஆர்3 இடத்தில் டிடிஆர்4 உட்காராது, எனவே வகையையும் குறிச்சுக்கோங்க.

ரூம்மேட் கதை இங்கேதான் வேறாகுது. அவனுடையது மெல்லிசான செலரான் மெஷின். 4 ஜிபி ரேம் சால்டர், 64 ஜிபி ஸ்டோரேஜும் சால்டர். அவன் மெக்கானிக்கல், சாலிட்வொர்க்ஸில் அசெம்ப்ளி திறக்கணும், ஆன்சிஸ் ஓட்டணும். லேப்டாப்பில் சிபியுவும் கிராஃபிக்ஸும் பெரும்பாலும் போர்டோடு ஒட்டியவை, மாற்ற முடியாது. உங்க வேலைக்கு அதுதான் போதலைன்னா, அந்த மெஷின்ல போடற ஒவ்வொரு ரூபாயும் வீண். ஆனா "மெஷின் லேர்னிங் பண்ணப் போறேன், ஜிபியு வேணும்" என்று வீட்டில் கேட்பவர்கள் ஒரு நிமிஷம் நில்லுங்க. நம்ம மினி ப்ராஜெக்ட் அளவுக்கு கூகுள் கோலாப் இலவசமாகவே தாங்கும்.

சிபியு குறைந்த வேகத்திலேயே மாட்டிக்கிட்டா உடனே பயப்பட வேண்டாம். ஃபேன்ல தூசி, காய்ந்துபோன தெர்மல் பேஸ்ட், இல்லைன்னா சில மாடல்களில் ஒரிஜினல் இல்லாத சார்ஜர்கூடக் காரணமா இருக்கும். சர்வீஸ் பண்ணிப் பாருங்க.

பேட்டரிக்கு, கமாண்ட் ப்ராம்ப்ட்டில் பேட்டரி ரிப்போர்ட் எடுக்கலாம். டிசைன் கெபாசிட்டி, ஃபுல் சார்ஜ் கெபாசிட்டி என ரெண்டு எண் இருக்கும். ரெண்டாவது முதலாவதில் பாதிக்கும் கீழே போயிருந்தால் பேட்டரி தேய்ந்துவிட்டது. ஹாஸ்டலில் ப்ளக் பக்கத்திலேயே உட்கார்பவர்களுக்கு அவசரமில்லை. டச்பேட் மேலே எழும்புது, அடிமூடி உப்புதுன்னா மட்டும் விஷயம் வேற. அன்னைக்கே சார்ஜ் போடறதை நிறுத்திட்டு, பேட்டரியைக் கழற்ற கடைக்கு எடுத்துட்டுப் போங்க.

நான் கணக்கில் எடுக்காமல் விட்டது ஒன்று உண்டு. 2025 அக்டோபர் 14-ஓடு விண்டோஸ் 10-க்கான ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாகக் கேட்பது டிபிஎம் 2.0, இன்டெல்லில் அநேகமாக எட்டாம் தலைமுறைக்கு மேல். என்னுடையது ஏழு. ஒரே ஒரு எண்ணில் போச்சு! கூடுதல் பாதுகாப்பு அப்டேட்டில் பதிவு செய்துகொண்டு, பக்கத்திலேயே லினக்ஸ் மின்ட்டும் போட்டிருக்கேன். கோடிங்குக்கு மின்ட் சுகமாகவே இருக்கு. லேப்பில் விண்டோஸ் மட்டும் கேட்கும் சாஃப்ட்வேர் இருந்தால் இந்த வழி உங்களுக்கு ஒத்துவராது.

பணம்? நான் வெச்சுக்கிட்ட வரம்பு: ரிப்பேர், அப்கிரேடு எல்லாம் சேர்ந்து, அதே வேலையைச் செய்யும் வேறொரு மெஷின் விலையில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால் விட்டுடணும். அந்த "வேறொரு மெஷின்" புதுசாக இருக்கணும்னு அவசியமில்லை. ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஆபீஸ்களிலிருந்து வரும் செகண்ட் ஹேண்ட் லேப்டாப்புகள் வரிசையாக இருக்கும். வாங்கினால் எட்டாம் தலைமுறைக்குக் கீழே வேண்டாம். கடையிலேயே நின்று டாஸ்க் மேனேஜரையும் பேட்டரி ரிப்போர்ட்டையும் திறந்து பாருங்க. கடைக்காரர் முகம் சுளித்தால் அடுத்த கடை இருக்கு.

அப்கிரேடுதான்னு முடிவானா, மூடியைத் திறக்கறதுக்கு முன்னாடி ப்ராஜெக்ட் ஃபைல், ரெக்கார்டு எல்லாத்தையும் வேற இடத்தில் காப்பி எடுத்து வைங்க. நான் கழற்றிய பழைய ஹார்ட் டிஸ்க்கை ஒரு யூஎஸ்பி கேஸில் போட்டு வெச்சிருக்கேன். அக்காவோட காலேஜ் ஃபோட்டோ எல்லாம் இன்னும் அதுக்குள்ளேதான் இருக்கு.