தேன்கூட்டைக் கொளுத்தும் முன்...



சென்ற ஆண்டு நம் மத்ரஸா மாடியில், தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் மலைத்தேனீக்கள் கூடு கட்டின. பிள்ளைகளைக் கொட்டிவிடுமோ என்ற பயத்தில், ஆள் வைத்து இரவில் பந்தம் கொளுத்தி அழித்தோம். காலையில் கூட்டியபோது இரண்டு முறம் நிறையச் செத்த தேனீக்கள். அதைப் பார்த்த பெரியவர் ஒருவர், "நஹ்ல் சூரா ஓதிக் கொடுக்கிற இடத்திலேயே இப்படிச் செய்துவிட்டீர்களே" என்றார். எங்களிடம் பதில் இல்லை.

அல்குர்ஆனின் 16ஆவது அத்தியாயத்தின் பெயரே அந்நஹ்ல், அதாவது தேனீ. அதன் 68ஆம் வசனத்தில் தேனீ வீடு அமைக்கும் இடங்களாக மலைகளும் மரங்களும் மட்டுமல்ல, மனிதர்கள் கட்டுபவையும் சொல்லப்படுகின்றன. நம் மாடிக்கு வந்த தேனீ வழி தவறி வரவில்லை. எறும்பு, தேனீ, ஹுத்ஹுத், கீச்சான் குருவி ஆகிய நான்கையும் கொல்வதை நபி (ஸல்) அவர்கள் தடுத்ததாக இப்னு அப்பாஸ் (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் அபூதாவூதில் உள்ளது.

தேனீயால் நமக்குக் கிடைப்பது தேன் மட்டும்தானா? வீட்டுக் கொல்லையில் பூசணி, சுரை, பாகல் போட்டவர்களுக்குத் தெரியும்: சில நேரம் பிஞ்சு மஞ்சளாகி வெம்பி உதிர்ந்துவிடும். 'கண் பட்டுவிட்டது' என்போம். பெரும்பாலும் காரணம் வேறு. இக்கொடிகளில் ஆண் பூ தனி, பெண் பூ தனி. ஆண் பூவின் மகரந்தம் பிசுபிசுப்பானது, காற்றில் பறக்காது. தேனீயோ வேறு பூச்சியோ சுமந்து வந்து பெண் பூவில் சேர்த்தால்தான் காய் பிடிக்கும்.

நம் வீட்டு பிரியாணியை எடுத்துக்கொள்ளுங்கள். நெல்லுக்குத் தேனீ தேவையில்லை. ஆனால் ஏலக்காய் காய்ப்பதற்கும், மல்லி நன்றாக விளைவதற்கும், அடுத்த போக வெங்காயத்துக்கு விதை கிடைப்பதற்கும் தேனீ வேண்டும். உலகின் முக்கிய உணவுப் பயிர் வகைகளில் 4இல் 3 பங்கு, ஓரளவேனும் தேனீ போன்ற மகரந்தம் சுமக்கும் உயிர்களை நம்பியிருப்பதாக ஐ.நா.வின் உணவு, வேளாண்மை அமைப்பு சொல்கிறது.

தேனீ அழிந்தால் என்ன ஆகும் என்பதை நம் தமிழ்நாடே பார்த்திருக்கிறது. கன்னியாகுமரி மாவட்டம் மார்த்தாண்டத்தில் 1920களில் ஒய்.எம்.சி.ஏ. கிராம மையம் ஏழை விவசாயிகளுக்குத் தேனீ வளர்ப்பைக் கற்றுத் தந்தது. பல குடும்பங்களுக்கு அதுவே துணைத்தொழிலானது. 1991-92இல் 'தாய் சாக்புரூட்' என்ற வைரஸ் நோய் பரவி, தென்னிந்தியாவில் வளர்க்கப்பட்ட இந்தியத் தேனீக் கூட்டங்களில் பெரும்பகுதியை அழித்தது. பெட்டிகள் காலியாயின, வருமானம் நின்றது. பிழைத்த கூட்டங்களைக் கொண்டு மெல்ல மெல்லத்தான் மீண்டும் பெருக்க முடிந்தது. அந்த நோய் மனிதர் கையில் இல்லை. பந்தம் நம் கையில் இருக்கிறது.

திருவள்ளூர் பக்கம் தொழிற்சாலைகளும் மனைப்பிரிவுகளும் பெருகப் பெருக, பெரிய மரங்கள் குறைகின்றன. தேனீ நம் கட்டிடங்களைத் தேடி வருவதில் வியப்பில்லை. அதனால் நாம் செய்ய வேண்டியவை:

1. ஆள் நடமாட்டம் இல்லாத இடத்தில் கூடு இருந்தால் விட்டுவிடுங்கள். மலைத்தேனீக்கள் பருவம் மாறும்போது தாமாகவே இடம் பெயரும்.

2. ஆபத்தான இடத்தில் இருந்தால் நீங்களே கலைக்காதீர்கள். கொல்லாமல் அகற்றத் தெரிந்தவர்களை அழையுங்கள். திரூர் வேளாண் அறிவியல் நிலையத்தில் ஆலோசனை கேட்கலாம்.

3. பிள்ளைகள் கல் எறியாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

4. பயிர் பூத்திருக்கும்போது பூச்சிமருந்து அடிப்பதைத் தவிருங்கள். அடித்தே ஆக வேண்டுமென்றால், தேனீக்கள் கூடு திரும்பிய பின் மாலையில் அடியுங்கள்.

5. கொட்டிவிட்டால் கொடுக்கைத் தாமதிக்காமல் நகத்தால் சுரண்டி எடுங்கள். மூச்சுத் திணறல், முக வீக்கம், மயக்கம் வந்தாலோ, பல தேனீக்கள் கொட்டினாலோ உடனே 108ஐ அழையுங்கள்.

6. வீட்டுக்கு ஒரு முருங்கையோ புங்கனோ நடுங்கள்.

இந்த ஆண்டும் அதே தொட்டிக்கடியில் தேனீக்கள் வந்திருக்கின்றன. மாடிக் கதவைப் பூட்டிவிட்டு, அவை தாமாகப் போகும்வரை காத்திருப்பதென்று முடிவு செய்திருக்கிறோம். சென்ற ஆண்டு செய்த தவறை அல்லாஹ் மன்னிப்பானாக. அவன் படைப்புகளிடம் இரக்கத்தோடு நடக்கும் நல்லருளை நம் அனைவருக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.