கடன் கணக்கில் பிழை நேர்ந்தால்

திருமறையில் மிக நீளமான வசனம் எது என்று மதரஸாப் பிள்ளைகளைக் கேட்டால் உடனே விடை சொல்லிவிடுவார்கள். அல்பகரா அத்தியாயத்தின் 282-வது வசனம். அது தொழுகையைப் பற்றியதன்று, நோன்பைப் பற்றியதுமன்று. கடனை எழுதி வைப்பது பற்றியது. தவணை குறித்துக் கடன் பட்டால் எழுதிக்கொள்ள வேண்டும். எழுதுகிறவன் நீதியோடு எழுத வேண்டும். தொகை சிறிதாயினும் பெரிதாயினும் எழுதச் சோம்பலாகாது. எழுத வேண்டியதைக் கடன்பட்டவனே எடுத்துச் சொல்ல வேண்டும் என்றெல்லாம் அல்லாஹ் அதிலே விதித்திருக்கிறான். கடைசி விதியைச் சகோதரர்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டும். கடன்பட்டவன் அறியாமல் அவன் கணக்கு எழுதப்படலாகாது என்பது அதிலே அடங்கியிருப்பதாக நாம் கொள்கிறோம்.

தேயிலைத் தோட்டங்களை அறிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இலங்கையிலே முற்காலத்தில் ‘துண்டு’ என்றொரு சீட்டு இருந்தது. இன்ன தொகைக் கடனைத் தீர்த்தால் இந்தக் கங்காணியையும் ஆட்களையும் விடுவிப்போம் என்று அதில் எழுதியிருக்கும். புதுத் தோட்டம் அத்தொகையைக் கட்டி ஆட்களை அழைத்துக்கொள்ளும். கடனும் அவர்கள் கூடவே போகும். கடனாளியோ பெரும்பாலும் எழுத்தறியாதவன். சீட்டில் இருப்பது சரியா தவறா என்று அவன் யாரைக் கேட்பான்? 1921-ல் அம்முறையைச் சட்டம் ஒழித்தது.

இன்று நம் கடன் கணக்கு வேறு விதமாக எழுதப்படுகிறது. 2001 முதல் பேங்க் நெகாராவில் சி.சி.ரிஸ் என்னும் ஏடு இருந்து வருகிறது. தானா ராத்தாவில் ஒருவர் மோட்டார் சைக்கிளுக்குக் கடன் வாங்கினாலும், பிள்ளை பி.டி.பி.டி.என். கல்விக் கடன் பெற்றாலும் அதில் ஏறிவிடும். ஏட்டுக்குரிய விவரங்களை வங்கிகள் மாதந்தோறும் அனுப்புகின்றன. கடந்த 12 மாதத் தவணைகளும் எண்களாக நிற்கும். 0 என்றால் பாக்கியில்லை. 1 என்றால் ஒரு மாதப் பாக்கி. 2 என்றால் இரண்டு மாதம். ‘கருப்புப் பட்டியல்’ என்று ஊரில் பேசுகிறார்களே, அப்படியொன்று அங்கே கிடையாது. கடன் கொடுப்பதும் மறுப்பதும் வங்கியின் தீர்மானம். நம்முடைய அறிக்கையை நாம் இலவசமாகவே பார்க்கலாம், ஈ-சி.சி.ரிஸ் இணையதளத்தில் பதிவு செய்துகொண்டால் போதும்.

இதுவன்றி, சி.டி.ஓ.எஸ். போன்ற தனியார் நிறுவனங்களும் உள்ளன. வழக்கு மன்றப் பதிவுகள், திவால் அறிவிப்புகள் முதலியவற்றை அவை திரட்டித் தருகின்றன. 2010-ம் ஆண்டின் கடன் அறிக்கை நிறுவனச் சட்டம் 2014 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. தம்மைப் பற்றிய பதிவைப் பார்க்கவும், பிழையைத் திருத்தக் கோரவும் அச்சட்டம் இடம் தருகிறது.

பிழை எப்படி நேருகிறது? நம் சமுதாயத்தில் பெயரே முதற் காரணம். முஹம்மது, முகமது, மொஹமட் என்று ஒரே பெயரை ஒவ்வொரு குமாஸ்தாவும் ஒவ்வொரு விதமாக எழுதுவார். அப்துல் ரஹ்மான் மகன் முஹம்மது யூசுப் என்று நாட்டில் எத்தனை பேரோ! யாரோ ஒருவர் பேரிலுள்ள வழக்கு நம் தலையில் ஏறுவதற்கு இது போதாதா? ஆகையால் பெயரை நம்பாமல் அடையாளக் கார்டின் 12 எண்களையும் ஒவ்வொன்றாக ஒப்பிட வேண்டும். முதல் ஆறும் பிறந்த தேதி. அடுத்த இரண்டும் பிறந்த இடம், பகாங் என்றால் 06. கடைசி எண் ஆணுக்கு ஒற்றை, பெண்ணுக்கு இரட்டை. முதியவர்கள் பழைய ஏழு இலக்க எண்ணையும் சேர்த்துப் பார்க்கட்டும். தீர்த்துவிட்ட கடன் பாக்கியாக நிற்பதும், கட்டிய தவணை ஏறாமற் போவதும் மற்ற பிழைகள்.

சி.சி.ரிஸ் பிழையானால், அந்த விவரத்தை அனுப்பிய வங்கிதான் அதைத் திருத்த வேண்டும். அதற்கு எழுத்து மூலமாகவே விண்ணப்பியுங்கள். வாய்ச் சொல்லுக்குச் சாட்சி ஏது? ரசீது, கடன் தீர்ந்த கடிதம், அடையாளக் கார்டு இவற்றின் நகல்களை இணைத்து, கடிதத்தின் நகலொன்றை வீட்டிலும் வைத்துக்கொள்ளுங்கள். வங்கி தட்டிக் கழித்தால் பேங்க் நெகாராவின் பி.என்.எம்.லிங்க் பிரிவிடம் முறையிடலாம். தனியார் அறிக்கையில் தீர்ந்துபோன வழக்கு தொங்கிக்கொண்டிருந்தால், வழக்குத் தொடுத்தவரிடமோ அவருடைய வழக்கறிஞரிடமோ கடன் தீர்ந்ததற்குக் கடிதம் வாங்கி அந்நிறுவனத்துக்கு அனுப்ப வேண்டும்.

ஆனால் உண்மையாகவே மூன்று மாதம் கட்டாமல் இருந்துவிட்டு, அதை அழிக்கச் சொல்லி மனுப் போடுவது திருத்தமாகாது. நீதியோடு எழுதச் சொன்ன இறைவன் பொய்யை எழுதச் சொல்லவில்லை. பணம் கொடுத்தால் பெயரைச் சுத்தம் செய்து தருகிறோம் என்று விளம்பரம் செய்பவர்களிடம் ஒரு வெள்ளியும் கொடுக்காதீர்கள். சரியான பதிவை அழிக்க அவர்களால் முடியாது. பிழையான பதிவைத் திருத்தக் கேட்க அவர்கள் தயவு வேண்டியதில்லை. மெய்யாகவே கட்ட முடியாத சகோதரர்கள் ஏ.கே.பி.கே.யை நாடலாம். 2006-ல் பேங்க் நெகாரா அமைத்த அந்நிறுவனம் கட்டணமின்றி ஆலோசனை சொல்லி, வங்கிகளோடு பேசித் தவணையை மாற்றியமைக்க உதவுகிறது.

வங்கி திருத்தம் செய்தாலும் அன்றே ஏட்டில் தெரியாது. அடுத்த மாதக் கணக்கு ஏறிய பிறகு மறுபடி எடுத்துப் பாருங்கள். அதுவரை வேறு வங்கிகளில் மனுப் போடாதிருப்பது நலம். ஏனெனில் கடன் கேட்ட மனுக்களும் அதே அறிக்கையில் பதிவாகி நிற்கக்கூடும்.