மணி அடித்தது, சித்தி எழவில்லை

பெங்களூரில் பீன்யா என்று ஒரு பகுதி உண்டு. அங்கே துணி தைக்கும் ஆலைகள் இருக்கின்றன. 'கார்மெண்ட்ஸ்' என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். தர்மபுரிப் பக்கத்திலிருந்து போன ஓர் அம்மா அங்கே சட்டைக்குக் காலர் தைத்து வந்தார். அவருடைய அக்கா மகள் அவரைச் சித்தி என்பாள். நாமும் அப்படியே சொல்வோம்.

சித்தி தமிழ் படிப்பார். கன்னடம் நன்றாகப் பேசுவார், படிக்கத் தெரியாது. ஆங்கிலம் காதில் விழுந்த அளவுதான்.

ஒரு நாள் கார்மெண்ட்சில் தீ விபத்துப் பயிற்சி. காலையில் அதிகாரி ஒருவர் வந்து சொன்னார்: "வென் தி அலாரம் கோஸ் ஆஃப், கோ அவுட்."

சித்திக்கு எல்லாம் தெரிந்த சொல்தான். அலாரம் என்றால் அபாய மணி. ஆஃப் என்றால் நிறுத்துவது. கோ அவுட் என்றால் வெளியே போ. சரி, மணி நின்றதும் வெளியே போக வேண்டும்!

மணி அடித்தது. எல்லோரும் எழுந்து போனார்கள். 'அவசரக்காரர்கள், திட்டு வாங்கப் போகிறார்கள்' என்று சித்தி நினைத்தார். மிஷின் முன்னாலேயே உட்கார்ந்திருந்தார். சூப்பர்வைசர் வந்து கத்திய பிறகுதான் எழுந்தார். அன்று வெறும் பயிற்சி. நிஜமான தீயாக இருந்திருந்தால்?

இரவு வீட்டில் அக்கா மகளிடம் சொன்னார். அவள் பத்தாவது படிக்கிறாள்.

"சித்தி, 'லைட் கோஸ் ஆஃப்'னா விளக்கு அணைஞ்சிடும். ஆனா 'அலாரம் கோஸ் ஆஃப்'னா மணி அடிக்க ஆரம்பிக்கும்."

"இது என்னடி கூத்து? ஒரே சொல்லு. ஒண்ணு நிக்குது, ஒண்ணு ஆரம்பிக்குதா?"

"நம்ம தமிழ்ல இல்லையா? மழை விட்டுதுன்னா?"

"நின்னு போச்சு."

"குழாயில தண்ணி விட்டாங்கன்னா?"

"குடத்தை எடுன்னு அர்த்தம்!" என்றார் சித்தி. இருவரும் சிரித்தார்கள்.

ஆங்கிலத்தில் இப்படி நிறைய உண்டு. ஒரு வினைச்சொல்லோடு ஆஃப், அப், அவுட் போன்ற சின்னச் சொல் சேரும். சேர்ந்ததும் பொருள் மாறிவிடும். தனித்தனியாகப் பார்த்தால் சித்தியைப் போல ஏமாந்து போவோம். எதைப் பற்றிய பேச்சு என்று பார்க்க வேண்டும். 'கோ ஆஃப்' என்பதையே எடுத்துக் கொள்ளுங்கள். பட்டாசைப் பற்றிச் சொன்னால், வெடித்தது. துப்பாக்கியைப் பற்றிச் சொன்னால், சுட்டது. பாலைப் பற்றிச் சொன்னால், கெட்டுப் போனது. ஆளைப் பற்றிச் சொன்னால், புறப்பட்டுப் போனார். நடந்து முடிந்ததைச் சொல்லும்போது 'வென்ட் ஆஃப்' என்பார்கள்.

'டர்ன் ஆஃப்' வேறு. 'டர்ன் ஆஃப் தி அலாரம்' என்றால் மணியை நிறுத்து. இங்கே சித்தி நினைத்த பொருள்தான்.

சட்டப்படி வைக்கும் அறிவிப்புகள் ஆங்கிலத்திலும், பெரும்பாலான தொழிலாளர்களுக்குப் புரியும் மொழியிலும் இருக்க வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் சொன்னது. சித்தியின் ஆலைச் சுவரில் ஆங்கிலமும் கன்னடமும் இருந்தன. அவரைப் போலத் தமிழ் மட்டும் படிப்பவர்கள் என்ன செய்வார்கள்?

அக்கா மகள் ஓர் அட்டையை எடுத்தாள். தமிழில் பெரிதாக எழுதினாள்: 'மணி அடித்தால் வேலையை விட்டு வெளியே போ.'

சித்தி எழுத்துக் கூட்டிப் படித்தார். "வேலையை விட்டுன்னு எழுதாதடி. வேலையே போயிடும்!"

அவள் அடித்துவிட்டு வேறு எழுதினாள்: 'மணி அடித்தால் உடனே எழுந்து வெளியே போ.' மறுநாள் சித்தி அதைக் கொண்டுபோய் ஊர்க்காரப் பெண்கள் மூன்று பேருக்குப் படித்துக் காட்டினார்.

படியுங்கள். எது நின்றது? எது தொடங்கியது?

மழை விட்டது.
செடி வேர் விட்டது.
லைட் வென்ட் ஆஃப்.
அலாரம் வென்ட் ஆஃப்.