இணையதளத்திற்குத் தோற்றம் அமைக்கும் தொழில்

கிராம ஊராட்சிகளும் கூட்டுறவுச் சங்கங்களும் உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களும் தமக்கென ஓர் இணையதளம் வேண்டும் என்று கருதும் காலம் இது. அத்தகைய தளங்களை அமைத்துத் தருவோரில் நம் ஊர்ப்புறங்களில் படித்து வளர்ந்த இளைஞர்களும் உண்டு. எழுத்தும் படமும் வண்ணமும் பொருந்துமாறு ஒரு பக்கத்தை வரைந்து தரும் திறமை அவர்களிடம் இருக்கிறது. ஆனால் அத்திறமை மட்டும் போதாது. உள்ளடக்க மேலாண்மை அமைப்பு எனப்படும் மென்பொருளுக்கு ஏற்றவாறு தோற்றத்தைப் பிரித்து அமைக்கவும் அவர்கள் கற்க வேண்டும். இவ்வாறு அமைந்த தோற்றத்திற்குத் ‘தீம்’ என்று பெயர். இத்தொழிலைக் கற்போரும், அதன் பயனைப் பெறும் பஞ்சாயத்து உறுப்பினர்களும் அறிய வேண்டியவற்றை இங்கு எடுத்துரைப்போம்.

கடைத்தெருச் சுவரில் ஓவியரைக் கொண்டு ஒரு விளம்பரம் எழுதுவிக்கிறோம். அதில் கண்ட விலை மாறினால் மறுபடியும் அந்த ஓவியரையே தேடிப் போக வேண்டும். ஊராட்சி அலுவலக வாயிலில் தொங்கும் கரும்பலகையோ அப்படியன்று. பலகையைச் செய்தவர் தச்சர். மேலே ஊராட்சியின் பெயரை எழுதிக் கோடு கிழித்துக் கொடுத்தவர் வர்ணம் பூசுபவர். அன்றாடம் அதில் எழுதி அழிப்பவர் ஊராட்சிச் செயலர். தச்சர் ஊரைவிட்டுப் போனாலும் அறிவிப்பு நின்றுபோவதில்லை. பக்கம் பக்கமாக வரைந்து கொடுக்கப்பட்ட பழைய முறைத் தளம் சுவரெழுத்தைப் போன்றது. உள்ளடக்க மேலாண்மை அமைப்பின் மீது எழுப்பிய தளம் கரும்பலகையைப் போன்றது.

இந்த வேற்றுமை சிறிதன்று. தமிழ்நாட்டில் 2022-ஆம் ஆண்டு முதல் கிராம சபைக் கூட்டங்கள் ஆண்டுக்கு ஆறு என்று ஆக்கப்பட்டுள்ளன. ஒவ்வொன்றுக்கும் அறிவிப்பு உண்டு, பொருள் நிரல் உண்டு, தீர்மானம் உண்டு. 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 4-ஆவது பிரிவில், பொது அமைப்புகள் தம்மைப் பற்றிய விவரங்களைத் தாமாகவே வெளியிட்டு ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும் என்று விதிக்கிறது. தளம் அமைத்தவர் பட்டணத்தில் வேலை கிடைத்துப் போய்விட்டார் என்பதற்காக மூன்றாண்டுக்கு முந்தைய வரவு செலவே தளத்தில் நிற்குமானால், அத்தளத்தால் ஊருக்கு என்ன பயன்?

இவ்வகை மென்பொருள்களில் மிகப் பரவலானது வேர்ட்பிரஸ். அமெரிக்கரான மாட் முல்லன்வெக்கும் ஆங்கிலேயரான மைக் லிட்டிலும் 2003-இல் இதைத் தொடங்கினர். உலகின் இணையதளங்களில் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் இதனால் இயங்குவதாகக் கணக்கெடுப்புகள் கூறுகின்றன. துருபல், ஜூம்லா என வேறு அமைப்புகளும் உள்ளன. அவற்றின் அடிப்படைக் கருத்தும் இதுவே. வேர்ட்பிரஸில் தோற்றத்தை மாற்ற விரும்புவோர் தொடக்கத்தில் மூலக் கோப்பையே திருத்த வேண்டியிருந்தது. 2005 பிப்ரவரியில் வெளிவந்த 1.5 பதிப்பில்தான் தீம் என்னும் ஏற்பாடு வந்தது. அதன்பின் தோற்றத்தை ஒரு தனிக் கோப்புறையாகக் கழற்றவும் மாட்டவும் முடிந்தது.

தீம் எவ்வாறு இயங்குகிறது என்பதற்கு அடங்கல் பதிவேட்டை நினைத்துக்கொள்வது போதும். புல எண், பரப்பு, பயிர் என்று பத்திகள் முன்னதாகவே அச்சிடப்பட்டுள்ளன. கிராம நிர்வாக அலுவலர் அந்தந்தப் பருவத்தின் விவரத்தை நிரப்புகிறார். அச்சிட்டவருக்கு எந்தப் புலத்தில் என்ன பயிர் என்பது தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை. அவ்வாறே தீம் அமைப்பவரும் நிரப்பப்படாத படிவங்களையே செய்கிறார். செயலர் தட்டச்சு செய்த செய்திகள் தரவுத்தளத்தில் இருக்கின்றன. வாசகர் ஒரு பக்கத்தைக் கேட்கும்போது மென்பொருள் செய்தியை எடுத்துப் படிவத்தில் நிரப்பி அனுப்புகிறது.

கற்பிக்கும் முறைக்கு வருவோம். பக்கம் வரையத் தெரிந்த இளைஞருக்கு முதல் நாளிலேயே நிரலாக்க இலக்கணத்தைப் புகட்டத் தொடங்குவது வீண். அவர் ஏற்கெனவே வரைந்து வைத்துள்ள ஒரு பக்கத்தையே எடுத்துக்கொள்ளச் செய்யலாம். அதில் எல்லாப் பக்கங்களுக்கும் பொதுவான தலைப் பகுதியைத் தனிக் கோப்பாகவும், அடிப் பகுதியை இன்னொரு கோப்பாகவும் வெட்டச் சொல்ல வேண்டும். எஞ்சிய நடுப் பகுதி ‘இன்டெக்ஸ்’ என்னும் கோப்பு ஆகிறது. வண்ணமும் அளவும் கூறும் ‘ஸ்டைல்’ கோப்பின் உச்சியில் தீமின் பெயரை எழுதிவிட்டால் மென்பொருள் அதை ஒரு தீம் என்று ஏற்றுக்கொள்ளும். இன்டெக்ஸ், ஸ்டைல் ஆகிய இவ்விரண்டு கோப்புகளே ஒரு தீமுக்குப் போதுமானவை என்று காணும்போது கற்பவரின் அச்சம் பாதி தீர்ந்துவிடும். இதற்கு இணைய இணைப்பும் வேண்டுவதில்லை. தம் கணினியிலேயே வேர்ட்பிரஸை நிறுவிப் பழகலாம்.

அடுத்து நடுப் பகுதியில் எழுதியுள்ள மாதிரிச் செய்தியை அழித்துவிட்டு, அவ்விடத்தில் ‘லூப்’ எனப்படும் சுழற்சியை வைக்கக் கற்பிக்க வேண்டும். ‘செய்தி இருக்கும்வரை ஒவ்வொன்றாக எடு, தலைப்பை இங்கே இடு, உரையை இங்கே இடு’ என்பதே அதன் பொருள். நடவாளுக்குக் கயிறு கட்டிக் கொடுப்பது போன்ற வேலை இது. ஒரு வரிசைக்குரிய முறையைச் சொல்லிவிட்டால் வயல் முடியும்வரை அதுவே செல்லும்.

பின்னர் படிவங்களின் முறைவரிசை. ‘தீர்மானங்கள்’ என்ற வகையை ஒருவர் திறந்தால், அவ்வகைக்கென்றே ஒரு படிவம் உண்டா என்று வேர்ட்பிரஸ் முதலில் பார்க்கும். இல்லையேல் வகைகளுக்குப் பொதுவான படிவம். அதுவும் இல்லையேல் தொகுப்புகளுக்கான படிவம். எதுவுமே இல்லாவிடில் இன்டெக்ஸ். இதை அறிந்தவர் வேண்டிய படிவத்தை மட்டும் செய்துகொண்டு மற்றதை விட்டுவிடுவார். அறியாதவர் இருபது கோப்புகளைப் படியெடுத்துத் தாமே குழம்புவார். 2022 ஜனவரியில் வந்த 5.9 பதிப்பு முதல் பிளாக் தீம் என்னும் புதுமுறையும் உண்டு. அதில் படிவங்களைத் திரையிலேயே அடுக்கி அமைக்கலாம். எனினும் முறைவரிசை அதிலும் இதுவேயாதலால் முன்னதைக் கற்றது வீணாகாது.

இனி, நாம் மிகவும் வற்புறுத்த விரும்பும் விஷயம் ஒன்று உண்டு. ஊருக்குரிய செய்தி எதுவும் தீமுக்குள் அடைபட்டுவிடக் கூடாது. தலைவரின் பெயரையும் அலுவலகத் தொலைபேசி எண்ணையும் அடிப் பகுதிக் கோப்பிலேயே எழுதிவிடுகிறவர் உண்டு. தேர்தல் முடிந்து தலைவர் மாறினால் அதைத் திருத்தச் செயலரால் இயலாது. இதைவிடப் பெரிய தொல்லை, ‘கூட்டத் தீர்மானம்’ என்னும் தனிப் பதிவு வகையைத் தீமின் நிரலுக்குள்ளேயே உண்டாக்குவது. வேறு தீமை மாற்றியதும் அப்பதிவுகள் செயலரின் திரையிலிருந்து மறைந்துபோகும். அவை தரவுத்தளத்தில் இருக்கும். ஆனால் எடுக்கும் வழி தெரியாதவருக்கு இருந்தும் இல்லாதது போலத்தான். இத்தகைய ஏற்பாடுகளைத் தீமில் வைக்காமல் ‘பிளக்இன்’ எனப்படும் தனித் துணைநிரலில் வைப்பதே சரியான முறை. நெல் பத்தாயத்தில் இருக்க வேண்டும். பத்தாயத்தின் மேற்பூச்சில் அன்று.

தமிழர் இந்தப் பாடத்தை வேறொரு வழியில் முன்னமே படித்திருக்கிறோம். யூனிகோடு பரவுமுன் பாமினி போன்ற எழுத்துருக்களில் தட்டச்சு செய்த தமிழ், அந்த எழுத்துரு இருந்தால்தான் தமிழாகத் தெரிந்தது. எழுத்துருவை நீக்கினால் ஆங்கில எழுத்துகளின் குவியலே எஞ்சியது. செய்தி தோற்றத்துக்கு அடிமையாக இருந்த நிலை அது. தமிழ்நாட்டு அரசு 2010-இல் யூனிகோடைத் தரமாக ஏற்றது. ஆயினும் பழைய கோப்புகளை மாற்றாமல் அப்படியே தளத்தில் ஒட்டும் வழக்கம் எங்கேனும் இருந்தால் அதை விட்டுவிட வேண்டும்.

தமிழுக்கெனத் தீமில் கவனிக்க வேண்டியவை வேறு சிலவும் உண்டு. மேல்விசிறியும் கீழ்வளைவும் உள்ள நம் எழுத்துகளுக்கு வரிகளின் இடைவெளி சற்றுத் தாராளமாக இருக்க வேண்டும். ஆங்கிலத்துக்கு வைத்த அளவில் வரிகள் ஒன்றோடொன்று இடிக்கும். நம் சொற்கள் நீளமானவை. ‘ஊராட்சி ஒன்றியத்திற்குட்பட்ட’ என்று எழுதிப் பார்த்தால் கைப்பேசித் திரையின் ஓரத்தை அது தாண்டிவிடுவதைக் காணலாம். தலைப்புகளில் எழுத்துகளைத் தள்ளித் தள்ளி வைக்கும் நாகரிகமும் தமிழில் சொல்லைச் சிதைக்கும். பக்கம் தமிழில் உள்ளது என்னும் குறிப்பைத் தீம் தர வேண்டும். பார்வையற்றோருக்குப் படித்துக் காட்டும் கருவிகள் அதைக் கொண்டே மொழியை அறிகின்றன. ‘தேடுக’, ‘மேலும் படிக்க’ போன்ற சொற்களை மொழிபெயர்ப்புக்கு இடம்தரும் முறையில் எழுதினால் அதே தீம் வேற்று மொழிக்கும் உதவும்.

புதிதாகக் கற்பவர் எல்லாவற்றையும் தாமே செய்ய வேண்டுவதில்லை. வேர்ட்பிரஸின் உரிமம், பிறர் செய்ததைப் பயன்படுத்தவும் ஆராயவும் திருத்தவும் பகிரவும் இடம் தருகிறது. நல்ல தீம் ஒன்றை எடுத்து, அதன்மேல் ‘சைல்ட் தீம்’ எனப்படும் சேய்த் தீமை அமைத்து, வேண்டிய மாற்றங்களை அதில் மட்டும் செய்யலாம். தாய்த் தீமையே திருத்தினால், அதன் புதிய பதிப்பு வரும் நாளில் திருத்தம் முழுவதும் அழிந்துவிடும்.

தளத்தை ஏற்றுக்கொள்ளும் நாளில் பஞ்சாயத்து உறுப்பினர்கள் செய்ய வேண்டிய சோதனை எளியது. அமைத்தவர் கையைக் கட்டிக்கொண்டு அருகில் நிற்கட்டும். செயலர் தாமே ஒரு கூட்ட அறிவிப்பைத் தட்டச்சு செய்து வெளியிடட்டும். நீண்ட தலைப்புடன் ஒன்று, படமில்லாமல் ஒன்று என இரண்டு மூன்று பார்த்துவிட வேண்டும். பிறகு, வேர்ட்பிரஸுடன் வரும் சாதாரணத் தீமுக்கு ஒருமுறை மாற்றச் சொல்ல வேண்டும். அழகு குறையும், அது பொருட்டன்று. அறிவிப்புகள், தீர்மானங்கள், தொலைபேசி எண்கள் யாவும் அங்கும் படிக்கக் கிடைக்கின்றனவா என்று எண்ணிப் பார்த்து, கிடைத்தால் மட்டும் மீதித் தொகைக்குக் கையொப்பமிடலாம். தளத்தின் நிர்வாகிக் கடவுச்சொல்லும் தீம் கோப்புறையின் ஒரு நகலும் அன்றே அலுவலகத்துக்கு வந்து சேர்ந்துவிட வேண்டும்.