இறங்கும் நாளைக் குறித்துவிட்டு ஏறு

பாரிஸ்

அன்புள்ள மருமகனுக்கு,

நீ இப்போது சோற்றைக்கூடத் தராசில் நிறுத்துத்தான் சாப்பிடுகிறாயாம், அக்கா சொன்னாள். நல்ல பழக்கம்தான். ஆனால் அவளுக்கு முன்னால் நிறுக்காதே, மனம் நோகும்.

போனில் நீ கேட்டதற்கு அன்றே பதில் சொல்ல முடியவில்லை. ஜூலையில் கழகத்துக்காக ஐந்து நாள் சைக்கிள் ஓட்டம். அது முடிந்து ஆறாம் நாள் உன் தேர்வு ஓட்டம். "ரெம்கோ டூர் டி பிரான்ஸ் முழுவதையும் ஓடிவிட்டு ஆறாம் நாள் ஒலிம்பிக் தங்கம் எடுத்தவர். நான் ஐந்து நாள் ஓடினால் தேய்ந்தா போவேன், மாமா?" என்றாய்.

நீ சொன்னது உண்மை. 2024 டூர் ஜூலை 21 அன்று நீஸ் நகரில் முடிந்தது. ரெம்கோ எவனபூல் மூன்றாவதாக வந்தார். 27ஆம் திகதி ஒலிம்பிக் நேர ஓட்டத்தில் தங்கம். ஆகஸ்ட் 3 அன்று வீதி ஓட்டத்திலும் தங்கம். ஒரே ஒலிம்பிக்கில் இரண்டையும் வென்ற முதல் ஆண் அவர்தான்.

அந்த மூன்றாம் திகதி லா சப்பலில் உள்ள என் கடையைப் பூட்டிவிட்டு மொமார்த் ஏற்றத்துக்கு நடந்துபோய், நடைபாதை விளிம்பில் இடம் பிடித்து நின்றேன். அந்த ஏற்றத்தை அவர்கள் மூன்று முறை ஏறவேண்டும். மூன்றாம் முறை ரெம்கோ தனியே வந்தார். 273 கிலோமீட்டர் ஓட்டத்தின் கடைசிப் பகுதி அது. வாய் திறந்திருந்தது, தோள் மட்டும் அசையவில்லை. பின்னால் வந்த பலருக்குத் தலையே ஆடிக்கொண்டிருந்தது. முடிவுக்கு நாலு கிலோமீட்டர் இருக்கும்போது ரயர் காற்றுப் போய், சைக்கிளை மாற்றி ஏறியும், ஒரு நிமிடம் 11 விநாடியால் வென்றார்.

நீ பார்த்தது அந்த ஜூலையை மட்டும். அதே ஆண்டு ஏப்ரலில் பாஸ்க் நாட்டு ஓட்டத்தில் விழுந்து காறை எலும்பும் தோள்பட்டை எலும்பும் உடைந்து கிடந்தவர் அவர். ஜூனில் டோஃபினே ஓட்டத்துக்கு வந்தார். அங்கே நேர ஓட்டத்தை வென்றாலும், மலையில் முன்னுக்கு நின்றவர்களோடு ஒட்டமுடியவில்லை. அந்த உடம்பைப் படிப்படியாகத் தேற்றிய ஓட்டம்தான் டூர். வேறொருவருக்கு அதே டூர் உடம்பை உருக்கிவிடும்.

டோக்கியோ ஒலிம்பிக்கை எடுத்துப் பார். 2021இல் டூர் முடிந்து ஆறாம் நாள் வீதி ஓட்டம். நடுவில் ஏழு மணி நேர வித்தியாசமுள்ள ஊருக்கு விமானப் பயணம், அங்கே புழுக்கம். ஆனாலும் கரபாஸ், வான் ஆர்ட், பொகாச்சர் என்று பதக்கம் எடுத்த மூவரும் டூரைக் கடைசிவரை ஓடியவர்கள். 'அப்படியானால் முழுக்க ஓடுவதுதான் சரி' என்பாய். நாலு நாள் கழித்து நேர ஓட்டத்தில் தங்கம் எடுத்தது ரொக்லிச். அவர் டூரின் மூன்றாம் நாளே விழுந்து, காயத்தோடு எட்டாம் கட்டத்தின்பின் இறங்கியவர். 'இறங்குவதுதான் சரி' என்றும் சொல்லமுடியாது. மலைச் சைக்கிள் ஓட்டத்துக்காக எட்டாம் கட்டத்தோடு தானாக இறங்கிய வான் டெர் பூல், டோக்கியோவில் ஒரு பாறைச் சரிவில் விழுந்து வெறுங்கையோடு திரும்பினார். ஆகவே, இன்னொருவரின் நாட்காட்டியைப் பார்த்து எழுதாதே, ராசா.

நீண்ட ஓட்டம் காலுக்குக் கொடுக்கும் கூர்மையைத் தனியே பயிற்சி செய்து பெறமுடியாது. எதிராளி இழுக்கும்போதுதான் உனக்குள் இருப்பது வெளியே வரும். ஆனால் நித்திரை, எடை, நோய் எதிர்க்கும் சக்தி மூன்றையும் அது கொண்டுபோகும். பிட்கொக் 2024 டூரில் கொரோனாவோடு பாதியில் வீடு திரும்பினார். ஒலிம்பிக் மலைச் சைக்கிள் ஓட்டத்துக்கு இரண்டு வாரம் மீதி இருந்ததால் தேறி வந்து தங்கம் எடுத்தார். ஆறு நாள்தான் மீதி இருந்திருந்தால்?

இன்னொன்று, சம்பளம் கொடுப்பது அணி. டூரில் விளம்பரக்காரரின் பெயர் நெஞ்சில் இருக்கும். ஒலிம்பிக்கில் நாட்டின் நிறம் மட்டும். அதனால் நட்சத்திர வீரருக்கும் முடிவு முழுக்கத் தன் கையில் இல்லை. அதற்குள்ளும் வழி உண்டு. கான்செலாரா 2016இல் தன் ஊர்ப்பக்கமான பேர்ணுக்கு டூரில் வந்துவிட்டு, பாரிஸ் வரமுன்னர் இறங்கி, ரியோவில் நேர ஓட்டத்தை வென்றார். பொகாச்சர் 2024இல் இத்தாலியின் ஜிரோ ஓட்டத்தையும் டூரையும் வென்றபின், களைத்துப்போனேன் என்று சொல்லி ஒலிம்பிக்கையே விட்டார். எல்லாவற்றையும் வெல்லக்கூடிய ஆளே ஒன்றை விட்டார் என்பதை யோசி.

எனக்கு அந்தத் துணிவு இருக்கவில்லை. ஊரில் ஒரு சித்திரை வருடப்பிறப்புக்குத் தங்கள் ஓட்டத்தில் ஓடச்சொல்லி இரண்டு கழகங்கள் கேட்டன. முகம் முறிக்க மனமில்லாமல் இரண்டுக்கும் தலையாட்டினேன். முதல் ஓட்டத்தில் நாலாவது. மூன்றாம் நாள், நான் உண்மையில் ஆசைப்பட்ட ஓட்டத்தில், பாதி வழியில் தொடை பிடித்து இழுத்தது. மதகுக் கட்டில் குந்தி, எல்லோரும் கடந்து போவதைப் பார்த்தேன். ஒரு சின்னப் பெடியன் மோர் கொண்டுவந்து தந்தான். அந்த மோரின் புளிப்பு இன்னும் நாக்கில் இருக்கிறது.

ஆகவே இதைச் செய். கழகப் பயிற்சியாளரிடம் இந்தக் கிழமையே நேரில் போய்க் கதை. அந்த ஐந்து நாளும் நீ உனக்காக ஓடுகிறாயா, இன்னொருவருக்குத் தண்ணீர்ப் போத்தல் சுமக்கிறாயா என்று கேள். சுமப்பது இழிவில்லை, ஆனால் அந்தக் களைப்பு வேறு. தேர்வு ஓட்டம்தான் உன் குறி என்றால், "மூன்றாம் நாளோடு இறங்குவேன்" என்று முன்கூட்டியே சொல்லிவிட்டு ஏறு. முன்பே சொல்லி இறங்கினால் அது ஏற்பாடு. சொல்லாமல் இறங்கினால் ஓட்டம் என்றுதான் பெயர் வரும், நீ விரும்பும் ஓட்டமல்ல. அவர்கள் மறுத்தால் இரண்டில் ஒன்றை விடு. எதை விடுவது என்பது உன் முடிவு; அதில் நான் வாய் வைக்கமாட்டேன்.

தேர்வு நாளன்று விடியவே வந்துவிடுவேன். பின்சில்லு லேசாக ஆடுகிறது என்றாயே, அதை அதற்கு முந்தின சனிக்கிழமை கடைக்குக் கொண்டு வா. கம்பிகளை நானே இறுக்கித் தருகிறேன்.

அன்புடன்,
மாமா