போட் மெயில் நின்ற இடம்

மயிலாப்பூர்

அன்புள்ள கயல்,

ராமேஸ்வரம் சுற்றுலாவில் நீ எடுத்த படங்களை உன் அப்பா அனுப்பினான். இடிந்த சுவர், மணல், பின்னால் கடல். அடியில் ‘பேய் நகரம்’ என்று போட்டிருக்கிறாய். ‘ஒரே ராத்திரியில் காணாமல் போன ஸ்டேஷன், இதைப் பற்றித்தான் ப்ராஜெக்ட் எழுதப்போகிறேன், உதவி செய் அத்தை’ என்றும் கேட்டிருக்கிறாய். தாராளமாக எழுது. ஆனால் அந்த ராத்திரியிலிருந்து ஆரம்பிக்காதே. தனுஷ்கோடி ஸ்டேஷன் 50 வருஷம் ஓயாமல் வேலை பார்த்த ஸ்டேஷன். அது எப்படி இடிந்தது என்பது எல்லோருக்கும் தெரியும். எதற்காகக் கட்டினார்கள், இடிந்த பிறகு ஏன் திரும்பக் கட்டவில்லை என்று யாரும் கேட்பதில்லை. நீ அதைக் கேட்டு எழுத வேண்டும் என்பது என் ஆசை.

முதலில் வரைபடத்தை விரித்துப் பார். ராமேஸ்வரம் தீவின் தென்கிழக்கில் ஒரு மணல் வால் இலங்கையை நோக்கி நீண்டிருக்கும். அதன் நுனிப் பக்கம்தான் தனுஷ்கோடி. வடக்கே பாக் நீரிணை, அங்குள்ளவர்கள் சொல்கிற பெண் கடல். தெற்கே மன்னார் வளைகுடா, ஆண் கடல். இன்று ரயில் ராமேஸ்வரத்தோடு முடிந்துவிடுகிறது. அன்றைக்கு அப்படியில்லை. பாம்பன் சந்திப்பில் தடம் இரண்டாகப் பிரியும். ஒன்று கோயிலூரான ராமேஸ்வரத்துக்கு. மற்றது தனுஷ்கோடிக்கு. சென்னையிலிருந்து வந்த பெரிய வண்டி இந்த இரண்டாவது தடத்தில்தான் போயிற்று. அதுதான் இந்தோ–சிலோன் எக்ஸ்பிரஸ். ஜனங்கள் அதை ‘போட் மெயில்’ என்றார்கள். கப்பலுக்கு ஆளைக் கொண்டுபோய்ச் சேர்க்கிற வண்டி என்பதால் வந்த பெயர்.

அதற்கு முன்பு கொழும்புக்குப் போகிறவர்கள் தூத்துக்குடியில் கப்பல் ஏறி நெடுந்தூரம் கடலில் போக வேண்டும். தென்னிந்திய ரயில்வே கம்பெனி இந்தக் கடல் வழியைச் சுருக்கப் பார்த்தது. 1914 பிப்ரவரி 24 அன்று தீவை நிலப்பகுதியோடு இணைக்கும் பாம்பன் பாலத்தைத் திறந்தார்கள். நடுவில் இரண்டாகப் பிளந்து மேலே தூக்குகிற பகுதி, சிகாகோவைச் சேர்ந்த ஷெர்சரின் வடிவமைப்பு. அதோடு தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே ஏறக்குறைய 35 கிலோமீட்டர் தூரத்துக்கு நீராவிக் கப்பல் ஓட ஆரம்பித்தது. எழும்பூரிலேயே கொழும்புக்கு டிக்கெட் வாங்கலாம். ரங்கநாதன் தெருவில் துணி எடுத்துவிட்டு மாம்பலம் நடைமேடையில் நீ நிற்கிறாயே, அந்த வழியாகத்தான் போட் மெயிலும் தெற்கே போயிற்று. மாயவரம், கும்பகோணம், தஞ்சாவூர், திருச்சி, மானாமதுரை, ராமநாதபுரம், பிறகு கடல். தனுஷ்கோடியில் இறங்கி, சுங்கச் சோதனை முடித்து, பக்கத்துத் துறையில் காத்திருக்கும் கப்பலில் ஏற வேண்டும். அக்கரையில் தலைமன்னார் துறையில் இன்னொரு ரயில் நிற்கும். அது கொழும்பு கோட்டை வரை போகும்.

இதில் ஒரு விஷயத்தைக் கவனி. நம் பக்கம் மீட்டர் கேஜ். இலங்கையில் அகலப்பாதை. கடலுக்கு மேல் பாலமே கட்டியிருந்தாலும் ஒரே வண்டி போய்ச் சேர்ந்திருக்க முடியாது. ஆகவே தனுஷ்கோடி வெறும் கடைசி ஸ்டேஷன் இல்லை. ஒரு நாட்டு ரயிலை விட்டு இன்னொரு நாட்டு ரயிலைப் பிடிக்கிற பயணத்தில் நடுவில் இருந்த மாற்றுமிடம். அதனால்தான் அந்த மணலில் ஸ்டேஷனைச் சுற்றிச் சுங்க அலுவலகம், தபால் தந்தி அலுவலகம், பள்ளிக்கூடம், மாதா கோயில் என்று ஒரு ஊரே வளர்ந்தது. பிற்காலத்தில் அங்கே ஓடிய இரண்டு கப்பல்களுக்கு இர்வின், கோஷன் என்று பெயர். ஒருவர் வைஸ்ராய், மற்றவர் சென்னை கவர்னர். ஆட்சி யாருடையது என்பதைக் கப்பலின் பெயரே சொல்லிவிடும்.

யார் யார் போனார்கள்? கொழும்பில் கடை வைத்திருந்த வியாபாரிகள், உத்தியோகஸ்தர்கள், நாடகக் குழுக்கள். சேதுவில் நீராடி, அந்த மண்ணை எடுத்துக்கொண்டுபோய்ப் பிரயாகையில் கங்கையில் கரைக்கிற காசி யாத்திரைக்காரர்கள். நம் மாடவீதி வீடுகளிலிருந்தும் அப்படிப் போனவர்கள் உண்டு. ஆனால் உன் கட்டுரையில் அதிக இடம் யாருக்குக் கொடுக்க வேண்டும் என்று கேட்டால், தோட்டத் தொழிலாளர்களுக்கு என்பேன். கங்காணிகள் ஊர் ஊராகப் போய், முன்பணம் கொடுத்து, குடும்பம் குடும்பமாக இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்கு ஆள் சேர்த்தார்கள். ரயில் வருவதற்கு முன் இவர்கள் மன்னாரில் இறங்கிக் காட்டு வழியே மலைநாட்டுக்கு நடந்தே போனார்கள். வழியில் காலராவில் செத்தவர்கள் ஏராளம். ரயிலும் கப்பலும் அந்தச் சாவைக் குறைத்தன. இதை ஒத்துக்கொண்டுதான் மற்றதைப் பேச வேண்டும். ஆனால் அவர்கள் நம்மைப் போல் டிக்கெட் வாங்கி நேராகக் கப்பல் ஏறியவர்கள் இல்லை. நோய் பரவக்கூடாது என்று மண்டபம் முகாமில் நாள்கணக்கில் அடைத்து வைத்து, பரிசோதித்து, அதற்கப்புறம்தான் அனுப்பினார்கள். இந்திய மண்ணில் இருந்த அந்த முகாமை நடத்தியது இலங்கை அரசு. நீ ராமேஸ்வரம் போகும்போது ‘மண்டபம் கேம்ப்’ என்று ஒரு ஸ்டேஷன் பலகையைத் தாண்டிப் போயிருப்பாய். அந்தக் கேம்ப் இதுதான். பின்னாளில் இலங்கையிலிருந்து அகதிகள் வந்து தங்கியதும் அதே இடம்.

அப்துல் கலாமின் ‘அக்னிச் சிறகுகள்’ உன் அலமாரியில் இருக்கிறதே, அதிலும் இந்த ரயில் வருகிறது. இரண்டாம் உலகப் போர் நடந்தபோது ராமேஸ்வரத்தில் வண்டி நிற்பதை நிறுத்திவிட்டார்கள். ராமேஸ்வரத்துக்கும் தனுஷ்கோடிக்கும் நடுவில், ஓடுகிற வண்டியிலிருந்து பத்திரிகைக் கட்டுகளை வெளியே எறிவார்கள். அவற்றைச் சேகரிக்கத் தன் உறவினர் சம்சுதீனுக்குத் துணையாக இருந்ததுதான் சிறுவன் கலாமின் முதல் சம்பாத்தியம்.

இப்போது அந்த ராத்திரி. 1964 டிசம்பர் 17 வாக்கில் அந்தமானுக்குத் தெற்கே உருவான புயல், இலங்கையைக் கடந்து 22-ஆம் தேதி இரவு தனுஷ்கோடியில் மோதியது. கடல் 20 அடிக்கு மேல் எழும்பி வந்தது. பாம்பனிலிருந்து இரவு 11.55-க்குக் கிளம்பிய 653-ஆம் எண் பாசஞ்சர், தனுஷ்கோடியை நெருங்கிய இடத்தில் ஆறு பெட்டிகளோடு அடித்துச் செல்லப்பட்டது. அதில் பயணிகள் 110 பேர், ரயில்வே ஊழியர் 5 பேர் என்பது இலாகா கணக்கு. ஒருவரும் பிழைக்கவில்லை. டிக்கெட் எடுக்காமல் ஏறியவர்கள் இந்த 115-க்குள் வர மாட்டார்கள் என்பதையும் மறக்காமல் எழுது. எந்தக் கணக்கைப் பார்த்தாலும், எண்ணியவர் எதை வைத்து எண்ணினார் என்று பார்க்கப் பழகு. தீவிலும் கரையிலும் சேர்த்து 1,800 பேர்வரை இறந்ததாக மதிப்பிடுகிறார்கள். அரசாங்கம் தனுஷ்கோடியை மனிதர் வாழத் தகுதியற்ற இடம் என்று அறிவித்தது.

எல்லோரும் கதையை இங்கே முடித்துவிடுகிறார்கள். நீ முடிக்காதே. அதே புயல் பாம்பன் பாலத்தையும் விடவில்லை. 126 கண்களின் கர்டர்களைக் கடலில் தள்ளிவிட்டது. நடுவில் இருந்த தூக்குப் பாலம் மட்டும் தப்பியது. பாலத்தைச் சரிசெய்ய ஆறு மாதம் என்று முதலில் கெடு வைத்தார்கள், பிறகு மூன்று மாதமாகக் குறைத்தார்கள். பொறுப்பு 32 வயது எஞ்ஜினியர் ஈ. ஸ்ரீதரனிடம் வந்தது. பின்னாளில் கொங்கண் ரயில்வேயையும் டில்லி மெட்ரோவையும் கட்டினாரே, அதே ஸ்ரீதரன்தான். கடலில் விழுந்த கர்டர்களைத் தேடி மேலே எடுத்து, திரும்பப் பொருத்தி, 46 நாளில் ரயிலை ஓடவிட்டார். கவனி கயல், கடலுக்கு நடுவில் இரண்டு கிலோமீட்டர் பாலத்தை 46 நாளில் எழுப்ப முடிந்தவர்களுக்கு, மணலில் கொஞ்ச தூரம் தண்டவாளம் போடத் தெரியாமலா போயிற்று?

போடவில்லை. காரணம் ஒன்றல்ல. அந்த மணல் வால் அகலம் குறைந்தது, இன்னொரு புயல் வந்தாலும் இதே கதிதான். கப்பலை ராமேஸ்வரத்திலிருந்தே விடலாம் என்று ஆயிற்று, அப்படியே விட்டார்கள். ‘ராமானுஜம்’ என்ற கப்பல் 1980-களின் தொடக்கம்வரை தலைமன்னாருக்குப் போய்வந்தது. அதையெல்லாம்விட முக்கியமான காரணம், அந்த ஸ்டேஷனை உயிரோடு வைத்திருந்த போக்குவரத்து புயலுக்கு முன்பே மெலிந்துவிட்டது. 1948-இல் இலங்கை கொண்டுவந்த குடியுரிமைச் சட்டம் தோட்டத் தமிழர்களில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. பாஸ்போர்ட், விசா என்று வந்த பிறகு, பழையபடி நினைத்தபோது போய்வருவதும் நின்றது. ஆகவே நான் சொல்வது இதுதான்: ஸ்டேஷனை இடித்தது புயல், திரும்ப வராமல் செய்தது இரண்டு நாடுகளின் முடிவுகள்.

தேதிகளைப் பக்கத்தில் வைத்துப் பார். 1964 அக்டோபர் 30 அன்று லால்பகதூர் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் ஒப்பந்தம் போட்டார்கள். நாடற்றுப்போன அந்தத் தோட்டத் தமிழர்களில் 5,25,000 பேரை இந்தியா திரும்ப எடுத்துக்கொள்ளும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை கொடுக்கும், மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பார்க்கலாம் என்பது கணக்கு. அந்த மனிதர்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. இரண்டு மாதம்கூட ஆகவில்லை, அவர்களுடைய பாட்டன் பூட்டன் ஏறிப்போன ஸ்டேஷன் கடலோடு போயிற்று. திரும்பி வந்தவர்கள் ராமேஸ்வரத்தில் இறங்கினார்கள். ஏறிய இடத்தைப் பார்க்கக்கூட அவர்களுக்குக் கொடுத்து வைக்கவில்லை.

ஒப்பிட்டுப் பார்க்க வெளிநாட்டு உதாரணம் வேண்டும் என்றால் இங்கிலாந்தை எடுத்துக்கொள். 1963-இல் அங்கே ரயில்வே தலைவராக இருந்த ரிச்சர்ட் பீச்சிங் ஓர் அறிக்கை கொடுத்தார். வரவுக்கு மேல் செலவு வைக்கும் 2,363 ஸ்டேஷன்களை மூடலாம் என்றார். கிராமத்து ஸ்டேஷன்கள் வரிசையாக மூடப்பட்டன. அங்கே மக்கள் அந்த ஸ்டேஷன்களுக்காக இன்னும் வருத்தப்படுகிறார்கள். எந்தத் தேதியில் கடைசி வண்டி போனது, யார் கையெழுத்துப் போட்டார்கள் என்று தேடி எழுதி வைக்கிறார்கள். நாம் தனுஷ்கோடியைப் பற்றி எழுதினால் பேயைத்தான் எழுதுகிறோம். அவர்களுக்கு இருக்கிற அந்த அக்கறை நமக்கும் வேண்டும்.

அக்கரையில் என்ன ஆயிற்று தெரியுமா? உள்நாட்டுப் போரில் நாசமான தலைமன்னார் தடத்தை இந்திய நிறுவனமான இர்கான் திரும்பப் போட்டது. 2015 மார்ச்சில் தலைமன்னாருக்கு ரயில் வந்துவிட்டது. நம் பக்கம் அரிச்சல்முனை வரை 2017-இல் தார்ச்சாலை வந்தது, உன் பள்ளிப் பேருந்து போனது அதில்தான். ராமேஸ்வரத்திலிருந்து தனுஷ்கோடிக்கு மறுபடி ரயில் விட 2019-இல் அடிக்கல் நாட்டினார்கள். பழைய பாம்பன் பாலத்துக்குப் பக்கத்தில் புதிய செங்குத்துத் தூக்குப் பாலம் 2025 ஏப்ரல் 6 அன்று திறக்கப்பட்டது. தனுஷ்கோடிக்குத் தண்டவாளம் வேண்டுமா என்று என்னைக் கேட்டால், வேண்டாம் என்பேன். அக்கரைக்குக் கப்பல் இல்லாமல் அந்த ஸ்டேஷனுக்கு வேலை கிடையாது. வேடிக்கை பார்ப்பதற்காக அந்த மணலைக் கிளற வேண்டாம். கப்பல் விடுங்கள், அதற்கு ராமேஸ்வரம் போதும். இதை நீ ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை, மறுத்து எழுதினாலும் சந்தோஷம்தான்.

உன் படங்களில் மாதா கோயில் சுவர் ஒன்று இருக்கிறதே, அதைப் பெரிதாக்கிப் பார். காரை உதிர்ந்த இடத்தில் கல் தேனடை மாதிரி துளை துளையாகத் தெரியும். அது பவளப்பாறைக் கல். கடலிலிருந்து எடுத்த கல்லாலேயே அந்தக் கோயிலைக் கட்டியிருக்கிறார்கள். கட்டுரைக்கு அந்தப் படத்தைப் போடு, சூரிய அஸ்தமனம் வேண்டாம்.

சனிக்கிழமை எழும்பூருக்குப் போவோம். முதலில் ஸ்டேஷன், 1908-இல் திறந்த கட்டடம், போட் மெயில் புறப்பட்ட இடம். பிறகு பக்கத்திலேயே கன்னிமரா நூலகம். 1964 அக்டோபர் கடைசியிலிருந்து 1965 மார்ச் வரைக்குமான பத்திரிகைகளைக் கேட்டு வாங்கிப் புரட்டலாம். ஒப்பந்தம், புயல், பாலம் மூன்றும் அந்த ஐந்து மாதத்துக்குள் அடக்கம். பள்ளி அடையாள அட்டையை எடுத்து வா, பேனாவுக்குப் பதில் பென்சில் கொண்டு வா. காலை பத்து மணிக்கு எழும்பூர் வாசலில் நிற்கிறேன்.

அன்புடன்,
அத்தை